மேல் குழாய்

புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்த மூக்கம்மாள், குழாய்க் குழிக்குள் மூன்று படி இறங்கினாள். குழாயைத் திருகித் திறந்துவிட்டு, அடியில் பச்சைக் குடத்தை வைத்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரியும். மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது, தண்ணீர் திறப்பது பதினொரு மணிக்கு. ஆனாலும் முறைநாள் என்றால் காலையிலேயே குழாயைத் திறந்து குடம் வைத்துவிடுவது அந்த வீட்டுப் பழக்கம். பிணம் கிடக்கிற வீட்டில் பெண்டாட்டி போய்க் குடம் வைக்கிறாளே என்று ஷாமியானாவுக்கு அடியில் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

சந்தனம் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர், ஆட்டோ ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் முடிந்துபோனார். ஆட்டோவில் மூக்கம்மாளின் தோளில் சாய்ந்தபடி அவர் கடைசியாகச் சொன்னது, "இன்னைக்கு நம்ம லைன், மூக்கு" என்பதுதான். உன்னை நல்லபடியாக வைத்துக்கொண்டேனா, பிள்ளையைப் பார்த்துக்கொள், இப்படி ஒரு வார்த்தை வரக்கூடாதா? மனிதருக்கு அப்போதும் தண்ணீர் நினைப்புதான்.

அவர் வேலை அப்படி. அடையாள அட்டையில் வால்வு ஆபரேட்டர் என்று போட்டிருக்கும். திருப்பூர் ராயபுரத்து வீதிகளில் தண்ணிக்காரர் என்றால் போதும். ஒன்பது நாளுக்கு ஒருமுறை அந்த வீதிக்குத் தண்ணீர் முறை. காக்கிச் சட்டையும் தலையில் கட்டிய சிவப்புத் துண்டுமாக, ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீதியில் இறங்கிப் போவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூடத் தவறியதில்லை.

அந்த இருபத்திரண்டு வருடமும் மூக்கம்மாளுக்கு அவர்மேல் ஒரு மனக்குறை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வீதியில் வாடகைக்கு இரண்டு வீடுகள் காட்டினார்கள். ஒன்று வீதி தொடங்குகிற இடத்தில், வால்வுக்குப் பக்கத்திலேயே இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். இன்னொன்று எழுபத்திரண்டாவது வீடு, வீதி மேடேறி முடிகிற இடம். சந்தனம் இதைத்தான் பிடித்தார். வால்வுச் சாவியைக் கையில் வைத்திருக்கிறவன் தானாகப் போய்க் கடைசி வீட்டில் உட்கார்ந்த கதையை அவள் சொல்லாத ஆள் இல்லை.

"கடைசி வீட்டுக்கு வந்தாத்தான் தண்ணி வந்துச்சுன்னு அர்த்தம். வந்துச்சா இல்லையான்னு தெரிய அங்க நான் இருக்கணும்ல" என்று அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

வீட்டுக்காரர் வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுத்திருந்தார். தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறினால்தானே? சந்தனம் தரையைத் தோண்டி, மூன்று படி வைத்துக் குழி வெட்டி, அதே பைப்பில் கீழே இன்னொரு குழாயை மாட்டினார். அப்புறம் மேல் குழாய் துணி காயப் போடத்தான் உதவியது. ஜோதிகா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பை அதில் தொங்கும். வராத குழாயை யாராவது மூடுவார்களா? திறந்தது திறந்தபடியே துருப்பிடித்து நின்றது. நேற்றுச் சாயங்காலம் அவருடைய சிவப்புத் துண்டை அலசி அதன்மேல்தான் போட்டிருந்தாள். துண்டு இன்னும் அங்கேயே கிடந்தது.

குழியிலிருந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படி ஏறும்போதெல்லாம் அவள் திட்டுவாள். அவர் சிரிப்பார்.

"பொறு மூக்கு. ஒரு நாளைக்கு மேல் குழாய்ல வடமா வரும் பாரு."

"அதுக்குள்ள ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம்" என்பாள்.

வடம் என்பது அவர் கணக்கில் உச்சம். சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பிறந்த மனிதர். "எங்க ஊர்ல தண்ணி கிடையாது, தண்ணிக்கு வார்த்தை மட்டும் நிறைய உண்டு" என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னார். அந்த வார்த்தைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து திருப்பூர்க் குழாயில் அவிழ்த்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். புகார் நோட்டில் ஜனங்கள் 'பிரஷர் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவர் நோட்டை எடுத்துக்கொண்டு அந்தந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்.

"பிரஷர் இல்லைன்னா நான் என்னன்னு புரிஞ்சுக்கிடுறது? சொட்டா வருதா, நூலா வருதா, கயிறா வருதா, அதைச் சொல்லுங்க."

பனியன் ஊரில் நூல் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. நூலுக்கு மேல் கயிறு. கயிற்றுக்கு மேல் வடம், தேர் இழுக்கிற வடம். குழாய் வாய் முழுக்க நிறைந்து, கையை வைத்தால் கையைத் தள்ளிவிடுகிற தண்ணீர்தான் வடம். அது வருவதற்கு முன் குழாய் எழுப்புகிற சத்தத்துக்கும் அவரிடம் பெயர் இருந்தது. முதலில் இருமும். அப்புறம் துப்பும். அப்புறம் முனகும். முனகல் போய்ப் பேச்சு வந்துவிட்டால் இனி பயமில்லை என்பார்.

இரண்டே வருடத்தில் வீதி முழுக்க அந்தப் பேச்சுதான். போனில் வீதிக்கென்று ஒரு குரூப் வந்த பிறகு முறைநாள் பதினொரு மணிக்கு மேல் அதைக் கேட்க வேண்டாம். 'இருமுதுங்க.' 'முப்பதாம் நம்பர் கயிறுங்க.' 'எங்களுக்கு இன்னும் நூலுதானுங்க.' ஒற்றை அறைகள் வரிசையாக இருந்த லைன் வீட்டில் தங்கியிருந்த பீகார்ப் பையன்கள் 'தாகா, தாகா' என்று நூலை இந்தியில் போடுவார்கள். சந்தனம் அதற்கும் பதில் போடுவார், 'ரஸ்ஸி ஆயேகா' என்று. கயிறு வரும் என்று சொல்கிறாராம்.

வார்த்தைகளைக் கொடுத்த மாதிரியே வாங்கவும் செய்தார். வால்வுக்கு எதிர் வீட்டுச் சாரதாமணி, காற்றும் தண்ணீருமாகக் குழாய் எகிறியதைப் பார்த்து ஒரு நாள் "குதியாளம் போடுதுங்க" என்றாள். ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மழைக்காலத்தில் நொய்யல் பாலத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கு ஆறு ரெண்டு கரையையும் தடவிக்கிட்டுப் போகுது" என்பார். ஆற்றில் சாயக் கழிவு நுரை மிதக்கிற நாட்களில் வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்கு அவர் வார்த்தை செலவழிக்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போய், கடைசியில் இந்தக் குழிக்குள் நூலாக விழத் தொடங்க மூன்று மணி ஆகும். விழுகிற சத்தம் கேட்டதும் போனை வாய்க்கு அருகில் வைத்து அவர் பேசி அனுப்புவார்: "கடைசி ஊட்டுக்கு வந்துருச்சுங்க." வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தம். "சாத்தூர்க்காரருக்கு எப்ப வீடு ஊடாச்சு?" என்று மூக்கம்மாள் கேலி செய்வாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயில் அந்தக் கொங்கு 'ஊடு' வந்ததில்லை, பேச்சுக் கடைசியில் ஒட்டுகிற 'ங்க'வும் வந்ததில்லை.

அந்த வீட்டுக் குழாயில் நூலுக்கு மேல் வந்தது ஒரே ஒரு தடவை. ஒரு தீபாவளிக்கு ஊரே காலியாகிச் சொந்த ஊர்களுக்குப் போயிருந்தபோது கயிறாக வந்தது. அன்றைக்கும் குழிக்குள்தான்.

பத்து மணிக்குச் சாத்தூரிலிருந்து வேன் வந்தது. சந்தனத்தின் தம்பி அழகுமலையும் நாலைந்து பங்காளிகளும் இறங்கினார்கள். அழகுமலை ஐஸ் பெட்டிமேல் விழுந்து அழுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அடுத்து நடக்க வேண்டியதைக் கேட்டான்.

"மதினி, நீர்மாலை எங்க எடுக்க?"

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. இறந்தவரைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை உடன்பிறந்தவனும் பங்காளிகளும் ஈரவேட்டியோடு, சங்கு ஊதிக் குடத்தில் கொண்டுவர வேண்டும். ஊறுகிற தண்ணீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடுகிற தண்ணீராக. பிடித்து வைத்த தண்ணீர் ஆகாது. ஊரில் என்றால் கிணறு இருக்கிறது. இங்கே பக்கத்துக் கோயிலில் ஒரு போர் இருந்தது. அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

"லாரித் தண்ணி சொல்லிரலாமா அண்ணே?" என்று ஒரு பங்காளி கேட்டான்.

"கூறு கெட்ட பேச்சு பேசாத. டேங்க்ல அடைச்சு வெச்ச தண்ணி நீர்மாலைக்கு ஆகுமா?"

"இன்னைக்கு நம்ம குழாய்க்கு முறைநாள் சித்தப்பா" என்றாள் ஜோதிகா. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். அழுது அழுது அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. "பதினோரு மணிக்குத் திறப்பாங்க."

"அப்புறம் என்ன, அண்ணன் திறந்துவிட்ட குழாய்லயே எடுத்துருவோம்."

"நமக்கு வர மூணு மணியாகும்" என்றாள் மூக்கம்மாள்.

அழகுமலை கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தான். மின்மயானத்தில் இரண்டரை மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். வேனும் சொல்லியாகிவிட்டது. எழுபத்தோரு வீட்டுக்குத் தண்ணீர் விட்ட மனிதர், தன் வீட்டுக்குத் தண்ணீர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புறப்பட்டுப் போகப்போகிறார். அவர் உடம்பில் அந்தக் குழாய்த் தண்ணீர் பட வேண்டும் என்று மூக்கம்மாளுக்கு அப்போது வந்த ஆசையைப்போல, வாழ்நாளில் ஒரு நகைக்கோ புடவைக்கோ வந்ததில்லை.

பத்தே முக்காலுக்கு மகுடேஸ்வரன் வந்தார். காதர்பேட்டைப் பக்கத்து வால்வுகளைப் பார்க்கிறவர். இன்றைக்குச் சந்தனத்தின் லைனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடவே சாரதாமணியும் வந்தாள். வீட்டின் பின்பக்கம் சின்னதாகப் பனியன் யூனிட் நடத்துகிறவள். அவள் வீட்டில் ஒரு மோட்டார் உண்டு. தண்ணீர் வந்ததும் அதைக் குழாயில் மாட்டி உறிஞ்சிவிடுவாள். சந்தனம் ஒரு நாளும் அவளிடம் சண்டைக்குப் போனதில்லை. முறைநாளில் வாசலில் வந்து நின்று, "அம்மா, உங்க ஊட்ல ஆறு ஓடுதுங்க, மேல நூலு அறுந்து போச்சுங்க" என்பார். அவள் சிரித்துக்கொண்டே நிறுத்துவாள். அவர் தலை மறைந்ததும் மறுபடி போடுவாள். பல வருடமாக இதுதான் நடந்து வந்தது.

சாரதாமணி ஐஸ் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மூக்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மிணி, வீதில எல்லாருங் கலந்து பேசிட்டமுங்க. இன்னிக்குத் தண்ணி வேண்டாமுங்க. அவரு இங்க கெடக்கையில நாங்க கொடத்தத் தூக்கிட்டு நின்னா நல்லா இருக்காதுங்க."

"எல்லா ஊட்லயும் அதேதான் சொன்னாங்கக்கா" என்றார் மகுடேஸ்வரன். "ஒருத்தர்கூட மாத்திப் பேசலீங்க."

இந்த ஊர் ஜனங்களின் மரியாதை அப்படிப்பட்டது. மரியாதை என்று முடிவு செய்துவிட்டால், தாகத்தையும் அதோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். மூக்கம்மாள் மகுடேஸ்வரனிடம் திரும்பினாள்.

"இன்னைக்கு விட்டுப்போச்சுன்னா அடுத்து எப்ப தம்பி?"

"நாளைக்கு வேற லைனு முறைங்கக்கா. இந்த லைனுக்கு இனி ஒம்போது நாள் கழிச்சுத்தானுங்க."

"அப்ப பதினெட்டு நாளு."

"ஆமாங்க."

மூக்கம்மாளுக்குக் கோபம் வந்தது.

"எம் மக சடங்கன்னைக்குப் பந்தி விசாரிச்சுக்கிட்டிருந்தவுக, பாதியில பட்டு வேட்டியோட ஓடி வந்து திறந்துவிட்டாக. டெங்கு வந்து படுத்தப்ப என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்து திறந்தாக. அவுக செத்துப்போனதால வீதி பதினெட்டு நாள் தண்ணி இல்லாம கிடந்துச்சுங்கிற பேரை நான் எங்க கொண்டுபோய்க் கழுவ? நீங்க திறங்க தம்பி."

சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டாள். மகுடேஸ்வரன் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த சாவியை எடுத்தார். எடுத்துக்கொண்டு தயங்கினார்.

"தெறந்துருவனுங்கக்கா. இந்த வால்வுதான் எனக்குப் பழக்கமில்லீங்க. பழசு. ஒரேடியாத் திருகுனா ஜாயிண்ட் விட்டுரும்னு அண்ணன் சொல்லீட்டே இருப்பாரு."

"பதினோரு சுத்து" என்றாள் மூக்கம்மாள். "முதல்ல மூணு. திருகிட்டு நில்லுங்க. சாவியில காதை வெச்சா இருமுறது கேக்கும். இருமி முடிச்சதும் இன்னும் ரெண்டு. துப்பும், துப்பட்டும், விட்டுருங்க. முனக ஆரம்பிச்சதும் மூணு. பேச்சு வந்துருச்சுன்னா மிச்சம் மூணையும் சேத்துத் திருகிரலாம்."

அந்த வால்வை அவள் வாழ்நாளில் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே, துணியை மடித்துக்கொண்டே, பாதி காதில் வாங்கியும் வாங்காமலும் கேட்டதெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. மகுடேஸ்வரன் அதை விரல் விட்டு ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அழகுமலை அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மதினி, இந்தம்மா இங்கதான் இருக்காக. ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு அரை மணி நேரம் எல்லாரும் குழாயை மூடி வெச்சா நமக்கு ஏறிரும். அண்ணனுக்கு நீர்மாலைன்னா மாட்டேன்னா சொல்லிருவாக?"

தாழ்த்திய குரல் என்றாலும் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. கேட்டுவிடலாம் என்று மூக்கம்மாளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவர் மூக்கு நுனியும் ஒரு பக்க மீசையும் தெரிந்தன.

"அவுக ஒரு நாளும் நம்ம வீட்டுக்குன்னு கேட்டதில்ல தம்பி. நான் கேக்க மாட்டேன். வந்தா வரட்டும். வரலைன்னா கடையில கேன் தண்ணி வாங்கிக் குளிப்பாட்டுவோம்."

"மதினி..."

"கேக்க மாட்டேன்."

சாரதாமணி எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் வீதியில் இறங்கி நடந்தாள். மகுடேஸ்வரன் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார். வாசல் வழியாக மூக்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாவி இன்னொருவர் தோளில் போவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினொன்று அடித்தது. ஜோதிகா அப்பாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்துக்குக் குரூப்பில் இருமத் தொடங்கியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து.

"ஒரு மெசேஜும் வரலம்மா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். ஒருத்தர்கூடப் போடல."

ஜாயிண்ட் விட்டுவிட்டதோ என்று மூக்கம்மாளுக்குப் பயம் வந்தது. மூன்றா, இரண்டா, நான் சரியாகத்தான் சொன்னேனா? பைப் உடைந்து தண்ணீரெல்லாம் சாக்கடையில் போனால் இந்த வீதிக்கு நான் என்ன முகத்தைக் காட்டுவேன்? அவர் செத்த அன்றைக்கே அவர் பெயரைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனே. பதினொன்று இருபதுக்கு அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்தாள்.

அப்போது வாசலில் யாரோ இருமினார்கள்.

ஆளில்லை. குழிதான். மூக்கம்மாள் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பதற்குள் குழாய் இரண்டு தடவை துப்பிவிட்டு, பச்சைக் குடத்தைக் குப்புறத் தள்ளிவிட்டது. தண்ணீர் குழியின் சுவரில் போய் மோதியது. தொப்பல் தொப்பலாக நனைந்துகொண்டு இறங்கினாள். வீணாகப் போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. பழக்கம் அப்படி. இரண்டு கையாலும் குழாயைத் திருகி மூடினாள். மூடிவிட்டுக் குடத்தை நிமிர்த்தினாள். அவள் தலைக்கு மேலே சத்தம் கேட்டது.

மேல் குழாய் இருமியது. இருபத்திரண்டு வருடத் துருவைச் செக்கச்செவேல் என்று துப்பியது. அதன்மேல் கிடந்த சிவப்புத் துண்டு உப்பி, நனைந்து, வழுக்கிக் கீழே விழுந்தது. முனகல் ஒன்று நீளமாகக் கேட்டது. பிறகு தண்ணீர் தெளிந்து, குழாய் வாய் முழுக்க நிறைந்து, ஒரே கனத்தில் இறங்கத் தொடங்கியது. மூக்கம்மாள் படியில் நின்றபடி கையை நீட்டினாள். தண்ணீர் அவள் கையைத் தள்ளிவிட்டது.

ஜோதிகா வாசலுக்கு வந்து நின்றாள். அழகுமலையும் வந்தான்.

மூக்கம்மாள் குழியிலிருந்து ஏறி வந்து வீதியைப் பார்த்தாள். மேட்டிலிருந்து பார்த்தால் வீதி முழுக்கத் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒரு குழாயிலும் தண்ணீர் விழவில்லை. லைன் வீட்டுப் பையன்கள் பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மேலே, இந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவீதியில் சாரதாமணி நின்றாள். ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மோட்டாரின் ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

ஒன்பது நாள் காய்ந்த வீதி அது. ஒருத்தரும் ஒரு சொம்பு பிடித்துக்கொள்ளவில்லை.

"குடத்தைக் கொண்டா தம்பி" என்றாள் மூக்கம்மாள்.

அழகுமலையும் பங்காளிகளும் மேல் குழாய்க்கு அடியில் தலையைக் காட்டி நனைந்தார்கள். மூன்று பித்தளைக் குடங்களைக் குனியாமல், நின்றபடியே ஏந்திப் பிடித்தார்கள். ஒவ்வொன்றும் எண்ணி முடிப்பதற்குள் நிறைந்தது. சங்கு ஊதினார்கள். நாலு பேர் வேட்டியை விரித்துத் தலைக்கு மேல் பிடிக்க, குடங்கள் உள்ளே போயின.

மூக்கம்மாள் உடனே உள்ளே போகவில்லை. ஜோதிகாவிடம் கையை நீட்டிப் போனை வாங்கினாள். அவள் அதில் பேசி அனுப்பியதில்லை. எங்கே அமுக்க வேண்டும் என்று ஜோதிகா காட்டினாள். மூக்கம்மாள் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கடைசி ஊட்டுக்கு வந்துருச்சுங்க."

வீதியில் எழுபத்தோரு போன்கள் சிணுங்கின. கீழே ஒரு குழாய் திறந்தது. அடுத்து இன்னொன்று. குடங்கள் முட்டுகிற சத்தம் ஒவ்வொரு வாசலாகக் கேட்கத் தொடங்கியது. மேல் குழாயில் வடம் மெலிந்து கயிறாயிற்று. கயிறு நூலாயிற்று. நூல் அறுந்து, சொட்டாகி, சொட்டும் நின்றது. நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் குளிப்பாட்டுகிற இடத்துக்குப் போனாள்.

இரண்டு மணிக்கு வேன் புறப்பட்டது. வீதி நெடுக ஆட்கள் குடங்களை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு நின்றார்கள். வால்வுக்குப் பக்கத்தில், சாரதாமணி வீட்டு வாசலில் வேன் ஒரு நிமிடம் நின்று போனதாக ஜோதிகா வந்து சொன்னாள். பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும்.

மூக்கம்மாள் சிவப்புத் துண்டைச் சேற்றிலிருந்து எடுத்து, பிழிந்து, மேல் குழாய்மேல் போட்டாள். பிறகு குழிக்குள் மூன்று படி இறங்கிக் குழாயைத் திறந்து, அடியில் பச்சைக் குடத்தை வைத்தாள். மணி மூன்றானது. குழாய் ஒரு தடவை இருமிவிட்டு, நூலாக விழத் தொடங்கியது. குடம் நிறைய நேரமாகும். அவள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.